அபர்வானில் தேற்றரவு

நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில், ஒவ்வொரு நேரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இங்கே சாயங்காலம். சிலருக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும். விழித்திருந்து கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒரு ஊரே சேர்ந்து இழக்கிற இழப்புக்குப் பிறகு கிறிஸ்தவ விசுவாசம் எப்படி ஆறுதல் தருகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. செவிலியர் டிப்ளமோ படித்து, வார்டில் வேலை பார்க்கிறவள். கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறவள். பொதுவாகப் பேசினால் பிரசங்கம் ஆகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் நான் வசிக்கிற தென் வேல்ஸில் உள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் அபர்வான். ஆங்கில எழுத்தில் 'எஃப்' போட்டு எழுதுவார்கள். வெல்ஷ் மொழியில் ஒற்றை எஃப்புக்கு 'வ' உச்சரிப்பு. நான் வந்த புதிதில் 'அபர்ஃபான்' என்று சொல்லி, வார்டில் ஒரு பாட்டி பொறுமையாகத் திருத்தினார்.

அபர்வான் மெர்தர் டிட்வில் நகரத்துக்குத் தெற்கே, டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். சுரங்கத்திலிருந்து கரியோடு வெளியே வருகிற கல்லையும் மண்ணையும் கழுவின சேற்றையும் ஊருக்கு மேலே மலையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்படி ஏழு மேடுகள். ஏழாவது மேட்டைக் கொட்டத் தொடங்கியது 1958ல். அதற்கு அடியில் நீரூற்று ஓடியது. 1966ல் அந்த மேடு 34 மீட்டர் உயரம் வளர்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே பான்ட்கிளாஸ் என்ற சிறுவர் பள்ளி.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாட்களில் நல்ல மழை. மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு அரைப்பருவ விடுமுறை. காலை 9.15 மணி, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடு சரிந்தது. பள்ளத்தாக்கில் மூடுபனி. கீழே இருந்தவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது, வருவது என்னவென்று தெரியவில்லை. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஏழு வயதிலிருந்து பத்து வயதுக்குள்.

சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பாமார் மேலே ஏறி ஓடிவந்து தோண்டினார்கள். அவ்வப்போது ஒருவர் விசில் ஊதுவார். உடனே எல்லாரும் கையை நிறுத்திவிட்டு, உள்ளிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். காலை பதினொரு மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு எடுக்கப்படவில்லை. மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்காகப் படுக்கைகளைத் தயார் செய்துவிட்டுச் செவிலியர்கள் காத்திருந்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த இடத்தை எங்கே படித்தாலும் எனக்கு அதற்கு மேல் வாசிப்பு ஓடுவதில்லை. விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆள் வந்துகொண்டே இருந்தால் கை ஓடும். படுக்கை விரித்துவிட்டு யாருமே வராமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

எடுக்கப்பட்ட உடல்களைப் பக்கத்தில் இருந்த ஒரு ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆலயத்தின் பெயர் பெத்தானியா. வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். லாசரு செத்துப்போன ஊர், இயேசு நின்று அழுத ஊர், பெத்தானியா. வேல்ஸில் ஆலயங்களுக்கு இப்படி வேதாகம ஊர்ப்பெயர் வைப்பது வழக்கம். சீயோன், பெத்தேல், எபெனேசர் என்று தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நான் பிறந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதே பெயர்கள்தான். குமரியில் சபைகளைக் கட்டிய லண்டன் மிஷன் சங்கத்துக்கு வேல்ஸின் இதுபோன்ற சுயாதீன சபைகளும் காணிக்கை அனுப்பியவை. சுரங்கத் தொழிலாளி போட்ட சில்லறைக் காசும் நான் ஞாயிறு பள்ளி படித்த கட்டடத்தில் எங்கோ ஒரு செங்கல்லாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பெத்தானியா ஆலயத்தின் இருக்கைகளில் பிள்ளைகளைக் கிடத்திப் போர்வையால் மூடினார்கள். தொண்டர்கள் கரிச்சேற்றைக் கழுவித் துடைத்தார்கள். வெளியே பெற்றோர் வரிசையில் நின்றார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட உள்ளே போய், போர்வையைத் தூக்கிப் பார்த்து, அடையாளம் சொல்ல வேண்டும். ஒரு நாள் இல்லை, நாட்கணக்கில் இது நடந்தது.

இறந்தவரின் உடம்பைக் கழுவித் துடைத்து, தலைவாரி, கைகளை நேராக்கி வைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. உறவினர்கள் வந்து பார்க்கும்போது முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சுவிசேஷத்தில் கல்லறைக்கு அதிகாலையில் போன பெண்கள் எதற்குப் போனார்கள்? உயிர்த்தெழுதலைப் பார்க்கப் போகவில்லை. உடம்புக்குப் பூசச் சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு போனார்கள். செத்துப்போன ஒருவருக்கு இன்னும் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்று போனார்கள். பெத்தானியா ஆலயத்தில் அந்த நாட்களில் பிரசங்கம் கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அதைவிடப் பெரிய ஆராதனை அதற்கு முன்னும் பின்னும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். பிறகு சபை மக்களுக்கு அந்த இருக்கைகளில் உட்கார்ந்து பாட மனம் வரவில்லை. அதை இடித்துவிட்டார்கள். புதிய பெத்தானியா 1970ல் எழும்பியது.

இப்போது ஆறுதல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். முதலில், எது ஆறுதல் இல்லை என்று சொல்லிவிட்டால் மீதி எளிதாக இருக்கும்.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சாவு என்றாலும், குறிப்பாகச் சின்னப் பிள்ளை என்றால், 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிடுவோம். 'தோட்டக்காரன் நல்ல பூவைத்தானே பறிப்பான்' என்பார்கள். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை அபர்வானில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

மேடு சரிந்தபின், தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு என்ன சொன்னார் தெரியுமா? மேட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாத இயற்கை நீரூற்று இருந்தது, அதுதான் காரணம் என்றார். அதாவது மனிதர் யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஊற்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரசு வெளியிட்ட நில வரைபடத்திலேயே இருந்தது. 1963ல் நகராட்சிப் பொறியாளர் பள்ளிக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டுவதால் வரும் ஆபத்தைப் பற்றிக் கடிதமே எழுதியிருக்கிறார். பள்ளியைச் சுற்றி வெள்ளம் வருகிறது என்று 1965ல் தாய்மார் தலைமையாசிரியையிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைமையாசிரியையும் அன்று பிள்ளைகளோடு இறந்தார்.

எட்மண்ட் டேவிஸ் என்ற நீதிபதி தலைமையில் விசாரணை 76 நாள் நடந்தது. அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1967 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பழி முழுவதும் நிலக்கரி வாரியத்தின் மேல் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனாலும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை.

அதற்கு முன்பே, பிள்ளைகள் இறந்த மூன்றாம் நாள், மரண விசாரணையைத் தொடங்கியதும் ஊரில் இருந்த இன்னொரு ஆலயத்தில்தான். அதிகாரி ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாசித்து, மூச்சுத்திணறல், பலத்த காயம் என்று மரணக் காரணத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஒரு தகப்பன் எழுந்து மறுத்தார். என் பிள்ளை நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது, சான்றிதழில் அதைத்தான் எழுத வேண்டும் என்ற பொருளில் சொன்னார்.

அந்தத் தகப்பனிடம் போய் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? ராபன்ஸ் பிரபு சொன்ன இயற்கை ஊற்றும் அதுவும் ஒரே விஷயம்தான். இரண்டுமே, மேட்டைக் கொட்டினவனைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. தேவபக்தி மாதிரி ஒலிக்கிற ஒரு வாக்கியம் குற்றவாளிக்குச் சாட்சி சொல்லப் போய்விடுகிறது. இதில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. நாம் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிற இடம். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அந்தக் காலத்து அபர்வான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். பிறகு கேட்கிறவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். செத்தவர்களைப் பற்றி விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஏன் விழுந்தது, பிதா ஏன் தடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நாம் சொல்லக் கிளம்பிவிடுகிறோம்.

சரி, அப்படியென்றால் விசுவாசம் தருவது என்ன? இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் பார்க்கலாம். யோவான் சுவிசேஷத்தில் இயேசு பரிசுத்த ஆவியானவரைப் பற்றிச் சொல்கிற இடத்தில் புராட்டஸ்டண்டுகள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 'தேற்றரவாளன்' என்று வரும். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 'துணையாளர்'. கிரேக்க மூலத்தில் 'பாராக்லேத்தோஸ்', பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்று அர்த்தம் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்குத் 'தேற்றரவாளன்' என்பது ஆலயத்துக்கு மட்டும் உரிய சொல்லாகத்தான் பட்டது. வேலைக்குப் போன பிறகுதான் கவனித்தேன், ஆஸ்பத்திரி வாசலில் தினமும் அதே சொல் புழங்குகிறது. 'சிஸ்டர், ஆளு தேறிடுவாரா?' என்றுதான் கேட்பார்கள். தேறுவது நோயாளியின் வேலை. தேற்றுவது பக்கத்தில் இருக்கிறவர் வேலை.

நாட்டுமருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை விற்கும். கலங்கின தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளியும். சேறு எங்கேயும் போகாது. அடியில்தான் கிடக்கும். பானையை ஆட்டினால் மறுபடி கலங்கும்.

அபர்வானில் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர் கென்னத் ஹேய்ஸ். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய மகனும் இறந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ஆலயத்துக்குப் போய் ஆராதனை நடத்தினார். இதைச் சொல்லும்போது நம் ஊர்ப் பிரசங்கிமார், பார்த்தீர்களா எவ்வளவு பெரிய விசுவாச வீரர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சபையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் நின்றவர், அவர்களைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவர் எந்த வசனத்தைச் சொல்லியிருந்தாலும் அது மேலிருந்து கீழே வந்திருக்காது. பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

இறந்து ஆறாம் நாள், அக்டோபர் 27, 81 பிள்ளைகளையும் ஒரு தாயையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். மலைச்சரிவில் மலர்வளையங்களை அடுக்கிப் பெரிய சிலுவை ஒன்று வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சார்லஸ் வெஸ்லியின் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடினார்கள், 'அபரிஸ்ட்வித்' என்ற ராகத்தில். அந்த ராகத்தை அமைத்த ஜோசப் பாரி மெர்தர் டிட்வில்லில் பிறந்தவர். சோகமான, ஆனால் கீழே விழாமல் நடக்கிற ராகம். யூடியூபில் கிடைக்கும், இந்த உரை முடிந்தபின் கேட்டுப் பாருங்கள். அன்று பாடியவர்களில் விசுவாசம் உள்ளவர்கள் எத்தனை பேர், கோபத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சேர்ந்து பாடுவதற்கு அது தேவையும் இல்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். அபர்வானில் சிலர் அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் காலே வைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது துதியில் போய் நிற்கும். இது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. அதைப் போல முடிந்துபோன மனிதர்களுக்கும் வேதாகமத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். இளவயதில் வேறொரு சுரங்கத்திலிருந்து அபர்வானுக்குத் தோண்டப் போனவர். நான் ராத்திரி ஷிஃப்ட். முதல் நாள் என் கழுத்தில் இருந்த சின்னச் சிலுவையைப் பார்த்துவிட்டு, 'நீ சாப்பலா?' என்று கேட்டார். இங்கே அப்படித்தான் கேட்பார்கள், நீ எந்த ஆலயத்து ஆள் என்று. சென்னைக்கும் தெற்கே, இந்தியாவின் கடைசி நுனி என்றேன். 'அங்கேயும் சாப்பல் உண்டா?' என்று ரொம்ப ஆச்சரியப்பட்டார்.

மழை பெய்கிற ராத்திரிகளில் அவருக்குத் தூக்கம் வராது. மாத்திரை கேட்க மாட்டார். 'வேலை முடிந்தால் கொஞ்சம் உட்காரு' என்பார். மூன்று மணி சுமாருக்கு எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், போய் உட்காருவேன். ஒரு தடவைதான் அந்த நாளைப் பற்றிப் பேசினார். சேறு, உடல்கள் ஒன்றும் சொல்லவில்லை. விசில் ஊதியதும் எல்லாரும் நின்றுபோன அமைதியைச் சொன்னார். அவ்வளவு ஆம்பிளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதைச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். 'வேண்டாம், இரு' என்றார். இருந்தேன். அவ்வளவுதான்.

யோபுவின் சிநேகிதர்களை நாம் எப்போதும் திட்டுகிறோம். அவர்கள் முதலில் செய்தது சரியான காரியம். ஏழு பகல், ஏழு ராத்திரி அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினபோதுதான் கெட்டது. புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபப்படுவது, தன்னோடு சண்டை போட்ட யோபுவின் மேல் இல்லை. தன்னை நியாயப்படுத்திப் பேசிய சிநேகிதர்கள் மேல்.

நம் தமிழ்ச் சபைகளில் இன்னொன்றும் நடக்கிறது. சாவு வீட்டில் சத்தமாக அழக் கூடாது, நமக்கு நம்பிக்கை உண்டு, புறமதத்தார் மாதிரி ஒப்பாரி வைக்கக் கூடாது என்று அடக்குகிறார்கள். நம் வேதாகமத்தில் ஒரு முழுப் புத்தகத்துக்கே 'புலம்பல்' என்று பெயர். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். 'நீர் இருந்திருந்தால் இவன் செத்திருக்க மாட்டானே' என்கிற பொருளில் மார்த்தாள் அவர் முகத்துக்கு நேரே குறைபட்டாள். அவர் அதட்டவில்லை. எங்கள் ஊரில் எழுத்தறிவு இல்லாத ஒரு கிழவி இருந்தார், சாவு வீட்டில் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுகைத் தடவி, 'மக்களே, அழு மக்களே' என்பார். அவ்வளவுதான் அவருடைய ஊழியம். நான் பார்த்த கவுன்சிலர்களில் பலரைவிட அவர் தேர்ந்தவர்.

குமரிக்காரி என்பதால் ஒக்கிப் புயலைச் சொல்லாமல் போக முடியாது. 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது கடலோர மக்களின் குற்றச்சாட்டு. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. நான் சி.எஸ்.ஐ., கடற்கரை பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆனால் அந்த டிசம்பரில் அவர்களுடைய குருமாரைப் பார்த்துத்தான் நான் பெருமைப்பட்டேன். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, காணாமல்போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். அங்கிகளோடு குருமாரும் கூட உட்கார்ந்திருந்தார்கள். கடவுளின் திட்டம், வீட்டுக்குப் போய் ஜெபமாலை சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பவில்லை.

அபர்வானிலும் போராட்டம் நின்றபாடில்லை. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய நிவாரண நிதி 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. நிலக்கரி வாரியம் ஒரு பிள்ளைக்குத் தந்தது 500 பவுண்டு. நிதியிலிருந்து பெற்றோருக்குக் கொடுக்குமுன், அவர்கள் தங்கள் பிள்ளையோடு நெருக்கமாக இருந்தார்களா, மனவேதனை உண்மையா என்று பார்க்க வேண்டும் என அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் யோசனை சொன்னது. நான் இதை முதலில் படித்தபோது மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று நினைத்தேன். இல்லை, அப்படியேதான்.

மேலே மீதி மேடுகள் அப்படியே நின்றன. தாய்மார் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். அகற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, ஊர்மக்கள் கார்டிஃபில் அரசு அலுவலகத்துக்கே போய்க் கரிச்சேற்றைக் கொட்டிவிட்டு வந்தார்கள். கடைசியில் அகற்றச் சம்மதித்தபோது, செலவில் ஒன்றரை லட்சம் பவுண்டை அந்த நிவாரண நிதியிலிருந்தே கொடுக்கச் சொன்னார்கள். செத்த பிள்ளைகளின் பேரில் வந்த பணம். அப்படிக் கேட்ட வேல்ஸ் விவகார அமைச்சர் ஜார்ஜ் தாமஸ், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். அதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை அரசு 1997ல்தான் திருப்பிக் கொடுத்தது, வட்டி இல்லாமல். 2007ல் வேல்ஸ் அரசு மேலும் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. நாற்பது வருஷம்!

இந்த நாற்பது வருஷத்தையும் நான் தேற்றரவின் கணக்கில்தான் சேர்ப்பேன். 'உன் பிள்ளைக்கு நடந்தது அநியாயம்' என்று ஒருவர் உரக்கச் சொல்வது துக்கப்படுகிறவருக்கு எவ்வளவு தேவை என்பதை முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்துவிட்டுக் காணாமல்போனவர்களின் படத்தோடு இன்னும் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்களும் இருப்பீர்கள்.

உயிர் பிழைத்த பிள்ளைகளின் கதை வேறு. தெருவில் விளையாடினால், பிள்ளையை இழந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பாளே என்று விளையாடாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். உயிரோடு இருப்பதே குற்றம் மாதிரி ஆகிவிட்டது. 33 வருஷம் கழித்து அவர்களில் 41 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 19 பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில், பேரதிர்ச்சிக்குப் பின் வருகிற மனநோய் இருந்திருக்கிறது. 12 பேருக்கு அப்போதும் இருந்தது. விசுவாசம் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டாம் என்று சொல்கிற சபைகள் வெளிநாட்டுத் தமிழர் மத்தியிலும் இருக்கின்றன. தயவுசெய்து அவர்களை நம்பாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே ஜெபிக்கிறோம்?

வெளிநாட்டில் இருக்கிற நமக்குத் துக்கம் பெரும்பாலும் போனில்தான் வருகிறது. குடும்ப வாட்ஸப்பில் ஒரு படம், கீழே கைகூப்பின சின்னங்கள் நாற்பது. பத்து நிமிஷத்தில் யாராவது மெழுகுவர்த்தி படம் போட்ட வசனம் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் நாள் அந்தக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வந்துவிடும். நான் வசனம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒரு போன் பண்ணுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மறக்க நினைப்பவரை ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று தயங்குவார்கள். அவர் மறந்திருக்கவே மாட்டார். அந்தப் பெயரை வேறொரு வாயில் கேட்டுப் பல வாரம் ஆகியிருக்கும்.

அபர்வானின் தாய்மார் தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள், 'யங் வைவ்ஸ் கிளப்', இளம் மனைவியர் சங்கம் என்று. பிள்ளையை இழந்தவளும் பிழைத்த பிள்ளையின் அம்மாவும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அழுதார்கள், தேநீர் குடித்தார்கள், பேச ஆட்களைக் கூப்பிட்டார்கள், கொஞ்ச காலம் கழித்துச் சிரிக்கவும் செய்தார்கள். வெளியே சிரித்தால் ஊர் என்ன நினைக்குமோ என்ற பயம் அங்கே இல்லை. ஆண்களுக்கு அப்படிப் பேச வராது. அவர்கள் பாடகர் குழு ஒன்று ஆரம்பித்தார்கள், அனிசோவென் ஆண்கள் பாடகர் குழு. நிவாரண வேலைக்காகக் கூடியவர்கள், கூடிய பழக்கத்தில் பாடத் தொடங்கினார்கள். அந்தக் குழு இன்னும் பாடுகிறது. அந்தத் தாய்மாரின் சங்கமும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடந்தது. இளம் மனைவியராகப் போனவர்கள் கொள்ளுப்பாட்டிகளான பிறகும் பெயரை மாற்ற அவசரப்படவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் அண்ணன் கை காட்டுகிறார். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன போலிருக்கிறது, 'கர்த்தருடைய சித்தம்' பற்றிக் கோபமாகவும் ஒன்று வந்திருக்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.